ஈ அடித்த எபிசோடு

'பிரேக்கிங் பேட்' தொடரில் மொத்தம் 62 எபிசோடுகள். 2008 முதல் 2013 வரை அமெரிக்காவில் ஏஎம்சி சேனலில் ஓடியது. ரசிகர்கள் ஐஎம்டிபியில் போட்டிருக்கும் மார்க்குகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் முதல் ரேங்க் 2013இல் வந்த 'ஓசிமாண்டியாஸ்'. கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது 2010இல் வந்த 'ஃப்ளை'. புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்குப் பழைய ரசிகர்கள் இலவசமாகக் கொடுக்கும் அட்வைஸ் ஒன்று உண்டு: "மூணாவது சீசன்ல ஈ எபிசோடு ஒண்ணு வரும். அதைத் தள்ளிவிட்டுட்டுப் போயிடு, ஒரு நஷ்டமும் இல்ல."

நஷ்டம் இருக்கிறது. அதுவும் சின்ன நஷ்டம் இல்லை.

(இதுவரை பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கீழே கதை முழுவதும் போட்டு உடைக்கப்பட்டிருக்கிறது.)

முதலில் ஒரு தகவல். முதல் ரேங்க் எபிசோடையும் கடைசி ரேங்க் எபிசோடையும் இயக்கியவர் ஒரே ஆள்தான். ரயன் ஜான்சன். 'ஓசிமாண்டியாஸ்' எழுதிய மொய்ரா வாலி பெக்கெட்தான் சாம் கேட்லினுடன் சேர்ந்து 'ஃப்ளை'யையும் எழுதினார். அதே கைகள், அதே இரண்டு நடிகர்கள். ஒன்றுக்குக் கைதட்டல், இன்னொன்றுக்குக் கொட்டாவி. அப்படி அதில் என்னதான் நடக்கிறது?

ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் புகார். ஒரு சலவைத் தொழிற்சாலைக்குக் கீழே பளபளவென்று ஒரு ரகசிய லேப். அதற்குள் ஒரு ஈ வந்துவிடுகிறது. வால்டர் ஒயிட்டுக்குத் தூக்கம் இல்லை, நிம்மதி இல்லை. அந்த ஈயைக் கொல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். ஷூவைக் கழற்றி எறிந்து விளக்கை உடைக்கிறார். ஏறக் கூடாத இடத்தில் ஏறிக் கீழே விழுகிறார். ஜெஸ்ஸி வந்து கெஞ்சுகிறான், திட்டுகிறான், கடைசியில் காப்பியில் தூக்க மாத்திரையைக் கலந்து கொடுக்கிறான். கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் இதுதான். நம் ஊரில் வியாபாரமே இல்லாத கடையை 'ஈ அடிக்கிறது' என்பார்கள். இங்கே நிஜமாகவே ஈ அடிக்கிறார்கள் :-)

இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். கலைத்தாகம் ஒன்றும் இல்லை, கையில் காசு இல்லை. அந்த சீசனில் பட்ஜெட் கைமீறிப் போய்விட்டது, அதனால்தான் இப்படி ஒரு எபிசோடு தேவைப்பட்டது என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே பிறகு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அமெரிக்க டிவி ஆட்கள் இந்த வகைக்கு 'பாட்டில் எபிசோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டிலுக்குள் போட்டு மூடியதுபோல இருக்கிற செட், இருக்கிற ஆட்கள், அவ்வளவுதான். வெளியே போகக் கூடாது.

கணக்கு எளிது. ஒரு தொடரின் முக்கிய நடிகர்களுக்கு ஒப்பந்தப்படி சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். ஏற்கெனவே கட்டிவைத்த செட் ஸ்டுடியோவில் சும்மா நிற்கும். இவை ஃபிக்ஸட் காஸ்ட். புது இடம், புது செட், கெஸ்ட் நடிகர்கள், வெளிப்புறப் படப்பிடிப்புக்கான லாரிகள், இரவு நேரக் கூலி, சண்டைக் காட்சி... எபிசோடுக்கு எபிசோடு எகிறுவது இவைதான். ஒரு எபிசோடில் காரைக் கொளுத்தினால் இன்னொரு எபிசோடில் இரண்டு பேரை ஓர் அறையில் உட்கார வைத்துப் பேச விட்டுத்தான் சீசன் கணக்கை நேர் செய்ய முடியும்.

இங்கே வழக்கமாக எல்லோரும் ஒரு முடிவுக்குத் தாவிவிடுவார்கள். தட்டுப்பாடு இருந்தால்தான் கலை பிறக்கும், காசு குறைந்தால் கற்பனை பெருகும் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. அதற்கு ஒரே ஒரு சாட்சி போதும். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் இரண்டாவது சீசன், 1989 ஜூலையில் வந்த கடைசி எபிசோடு, 'ஷேட்ஸ் ஆஃப் கிரே'. முந்தைய ஆண்டு எழுத்தாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் சீசன் ஏற்கெனவே சுருங்கியிருந்தது. சில எபிசோடுகளுக்குச் செலவு வேறு எகிறிவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? ரைக்கர் என்ற அதிகாரிக்கு ஏதோ கிருமி தாக்கி மயக்கம். அவர் மூளையைத் தூண்டினால் பழைய ஞாபகங்கள் வரும், ஞாபகம் வந்தால் கிருமி சாகும். ஆகவே பழைய எபிசோடுகளில் இருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டிவிட்டார்கள். மூன்று நாளில் ஷூட்டிங் முடிந்தது. அந்தத் தொடரின் மிக மோசமான எபிசோடு எது என்ற சண்டை வந்தால் இன்றைக்கும் முதலில் எழும் பெயர் அதுதான். நோய் ஒன்றுதான், காசில்லாமை. ஆனால் அவர்கள் சாப்பிட்ட மருந்து பழங்கஞ்சி.

ஆகவே காசு இல்லாதது எதையும் எழுதித் தராது. அது வெளியே போகும் கதவை மட்டும் சாத்தும். அறைக்குள் இருப்பவர்களிடம் பேச ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வால்டருக்கும் ஜெஸ்ஸிக்கும் நடுவில் அப்படி ஒன்று மிச்சம் இருந்தது. இரண்டாவது சீசனில் ஜெஸ்ஸியின் காதலி ஜேன் போதை மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சுத் திணறிச் சாகிறாள். வால்டர் பக்கத்திலேயே நிற்கிறார். ஒரு கை கொடுத்துத் திருப்பிப் படுக்க வைத்திருந்தால் பிழைத்திருப்பாள். அவர் திருப்பவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும், ஜெஸ்ஸிக்குத் தெரியாது. அடுத்த பல எபிசோடுகளுக்கு இந்த விஷயம் பேசப்படாமலேயே கிடக்கிறது. துப்பாக்கி, துரத்தல், பேரம் என்று கதை ஓடிக்கொண்டே இருப்பதால் பேச நேரமும் இல்லை.

'ஃப்ளை'யில்தான் ஓட்டம் நிற்கிறது. தூக்க மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் வால்டரின் நாக்கு தளர்கிறது. தான் செத்திருக்க வேண்டிய சரியான நேரம் எது என்று ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகத் தேடுகிறார். ஒரு ராத்திரி வீட்டில், குழந்தைக்காக வைத்திருந்த மானிட்டர் வழியாக மனைவி தாலாட்டுப் பாடுவது கேட்டது. அந்த நிமிடத்தோடு போயிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்கிறார். அது ஜேன் செத்த அதே ராத்திரி. அன்று மதுக்கடையில் தற்செயலாக ஜேனின் அப்பாவோடு உட்கார்ந்து பேசியதையும் சொல்கிறார். ஜெஸ்ஸி ஆட்டம் காணும் ஏணியின் உச்சியில் ஈயைக் குறிபார்த்து நிற்கிறான். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பவர் வால்டர். ஜேன் விஷயத்தில் வருத்தமாக இருக்கிறது என்கிறார். இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அந்த ஒரு வாக்கியம் வருமா, ஏணி சாயுமா, ஈ சாகுமா... அந்தத் தொடரில் நடந்த துப்பாக்கிச் சண்டைகள் பலவற்றில் இத்தனை பதற்றம் கிடையாது.

வாக்கியம் வரவில்லை. ஈ மட்டும் செத்தது.

மூன்று வருடம் கழித்து, எல்லோரும் கொண்டாடும் 'ஓசிமாண்டியாஸ்' எபிசோடில், பாலைவனத்தில், ஜெஸ்ஸியைக் கொலைகாரர்கள் இழுத்துப் போகும் நேரத்தில் வால்டர் அந்த வாக்கியத்தைச் சொல்கிறார். மன்னிப்பாகச் சொல்லவில்லை, ஆயுதமாக வீசுகிறார். 'ஃப்ளை'யைத் தள்ளிவிட்டுப் போனவருக்கு அது ஒரு வில்லனின் கொடூரம், அவ்வளவே. பார்த்தவருக்கு அப்படி இல்லை. இதே மனுஷன் இதே வாக்கியத்தைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பையனின் ஏணியைப் பிடித்திருந்தவர் என்பது ஞாபகத்துக்கு வரும். பத்துக்குப் பத்து வாங்கிய எபிசோடு தன் மார்க்கில் ஒரு பங்கைக் கடைசி பெஞ்ச் மாணவனிடம் இருந்து கடன் வாங்கியிருக்கிறது.

(இன்னொரு சின்ன விஷயம். அதே எபிசோடில் சரக்கின் கணக்கு உதைக்கிறது என்று வால்டர் கண்டுபிடிக்கிறார். கணக்குப்படி வர வேண்டிய எடைக்கும் கையில் இருக்கும் எடைக்கும் வித்தியாசம். ஆவியானதா, கொட்டியதா என்று எல்லா வழியிலும் பார்க்கிறார், டேலி ஆகவில்லை. ஜெஸ்ஸி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆடிட்டிங் வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டிய காட்சி.)

காமெடியில் இந்தச் சூத்திரம் வேறு மாதிரி வேலை செய்கிறது. 'ஃப்ளை' ஒளிபரப்பான தேதி 2010 மே 23. சரியாகப் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், 1991 மே 23 அன்று, என்பிசியில் 'சைன்ஃபெல்ட்' தொடரின் 'தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்' வந்தது. தற்செயல்தான், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பொழுது.

ஜெர்ரி, எலேன், ஜார்ஜ் மூவரும் சினிமாவுக்குப் போகும் வழியில் ஒரு சீன ஓட்டலில் டேபிளுக்காகக் காத்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து பத்து நிமிடம் என்கிறார் வாசலில் நிற்பவர். எத்தனை தடவை கேட்டாலும் அதே ஐந்து பத்து நிமிடம். எலேனுக்குப் பசி கண்ணை மறைக்கிறது. யாரோ ஒருவர் தட்டில் இருக்கும் எக் ரோலை எடுத்துச் சாப்பிட்டால் 50 டாலர் என்று பந்தயம். ஜார்ஜுக்கு அவசரமாக ஒரு பெண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், பொதுத் தொலைபேசியை வேறு யாரோ பிடித்துக்கொண்டு விடுவதாக இல்லை. ஜெர்ரி மாமாவோடு சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் பொய் சொல்லித் தப்பி வந்தவர், மாமாவின் ஆபீசில் வேலை செய்யும் பெண்ணிடமே மாட்டிக்கொள்கிறார். எபிசோடு ஓடும் நேரமும் கதை நடக்கும் நேரமும் ஒன்றே. கடைசியில் வெறுத்துப்போய் மூவரும் வெளியேறுகிறார்கள். கதவு மூடிய அடுத்த நொடி உள்ளே இருந்து அவர்கள் பெயர் கூப்பிடப்படுகிறது.

சேனல்காரர்களுக்கு ஸ்கிரிப்ட் பிடிக்கவே இல்லை. கதை எங்கே என்று கேட்டார்கள். மாற்றச் சொன்னால் தொடரையே விட்டுப் போய்விடுவேன் என்று லாரி டேவிட் நின்றார். எபிசோடைத் தள்ளித் தள்ளி அந்த இரண்டாவது சீசனின் கடைசிப் பகுதியில்தான் ஒளிபரப்பினார்கள். இன்றைக்கு அந்தத் தொடரின் சிறந்த எபிசோடுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது இல்லாமல் இருப்பது அரிது.

இதில் மூன்று பேருக்கும் நடுவில் பேசப்படாத ரகசியம் எதுவும் கிடையாது. மேலே சொன்ன சூத்திரத்தில் இது அடங்காது, அடக்கவும் வேண்டாம். இங்கே சிரிப்பு வருவதற்குக் காரணம் வேறு. சாப்பாடு கண்ணுக்கு முன்னால், டேபிள் கண்ணுக்கு முன்னால், தங்களுக்குப் பிறகு வந்தவன் உள்ளே போகிறான், அதுவும் கண்ணுக்கு முன்னால். ரேஷன் கடை வரிசையிலோ ஆர்டிஓ ஆபீஸ் பெஞ்சிலோ உட்கார்ந்த யாருக்கும் நியூயார்க் நாகரிகம் தெரியாவிட்டாலும் இது புரியும். எலேன் 20 டாலர் லஞ்சம் கொடுத்தும் வேலை நடக்காமல் போகிறதே, அது இன்னும் நன்றாகப் புரியும்! லஞ்சம் வாங்கிவிட்டு வேலை செய்யாதவன் மேல் வரும் கோபத்துக்குப் புகார் கொடுக்க இடமே கிடையாது.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'தி பார்க்கிங் கராஜ்' எபிசோடு இதற்குத் தம்பி. கார் எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அண்ணனை விட ஒரு படி கீழேதான், ஆனால் முடிவு அபாரம். கடைசியில் கார் கிடைத்து ஏறி உட்கார்ந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. அது ஸ்கிரிப்டில் இல்லை. நிஜமாகவே கார் மக்கர் பண்ணியது, அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் 1996இல் வந்த 'தி ஒன் வேர் நோ ஒன்ஸ் ரெடி'யும் காசு மிச்சம் பிடிக்க எடுத்ததுதான். ராஸ் எல்லோரையும் மியூசியம் விழாவுக்குக் கிளப்பப் பார்க்கிறான், ஒருவரும் கிளம்பவில்லை. நாற்காலிக்காகச் சண்டை போட்டு ஜோயி சாண்ட்லரின் எல்லா உடுப்புகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வரும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். (அந்த நாற்காலியில் பாய்ந்து விழும் காட்சியில் மேட் லெப்ளாங்கின் தோள்பட்டை நிஜமாகவே விலகிவிட்டது. அடுத்து வந்த எபிசோடுகளில் கையைக் கட்டிக்கொண்டு வருவார்.) ஆனால் அதைவிட நல்ல விஷயம் ஓரத்தில் நடக்கும் மோனிக்காவின் கதை. பிரிந்துபோன ரிச்சர்டின் குரல் ஆன்சரிங் மெஷினில் இருக்கிறது. அது பழைய மெசேஜா புதுசா என்று தெரியவில்லை. தெரியாமல் அவள் என்னென்ன செய்துவைக்கிறாள் என்பதில் சிரிப்பும் இருக்கிறது, பரிதாபமும் இருக்கிறது.

பிரிட்டிஷ்காரர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 1974இல் பிபிசியில் வந்த 'பாரிட்ஜ்' சிறைச்சாலைக் காமெடி. அதன் முதல் சீசனில் 'எ நைட் இன்' என்று ஒரு எபிசோடு. கிட்டத்தட்ட முழுவதும் ஒரே செல்லுக்குள். மேல் படுக்கையில் ஒருவன், கீழ் படுக்கையில் ஒருவன். பலமுறை உள்ளே வந்து பழம் தின்று கொட்டை போட்ட ஃப்ளெட்சர், முதல் தடவை வந்த இளைஞன் காட்பர். காட்பருக்கு ராத்திரி தாங்கவில்லை. இதைச் சிறை என்று நினைக்காதே, வெளியே எங்கும் போகாமல் வீட்டிலேயே ஒரு ராத்திரி இருக்கிறோம் என்று நினைத்துக்கொள் என்கிறார் ஃப்ளெட்சர். ரோனி பார்க்கர் இதை ஜோக்காகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஆள் இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்திருக்கிறார் என்பது அந்த ஒரு ஜோக்கில் தெரிந்துவிடுகிறது. சிறையைப் பற்றி எழுதும்போது பாட்டில் எபிசோடு என்பது செலவைக் குறைக்கும் தந்திரமே இல்லை, அதுதான் விஷயமே. கதவு திறக்காது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. முன்பு ஒரு சீசனுக்கு 22 எபிசோடு எழுத வேண்டும், அதில் எப்படியும் இரண்டு மூன்றுக்குக் காசு இருக்காது. இப்போது ஸ்ட்ரீமிங்கில் எட்டு, பத்து என்று சுருங்கிவிட்டது. எட்டே எட்டு என்றால் ஒவ்வொன்றிலும் கதை நகர்ந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பார்க்கிறவர் விரல் அடுத்ததை அழுத்திவிடும் என்ற பயம். நல்ல ஒற்றை அறை எபிசோடுகள் அடியோடு நின்றுவிடவில்லை. 'தி பேர்' தொடரில் 2022இல் வந்த 'ரிவ்யூ' எபிசோடு ஓட்டல் சமையலறைக்குள்ளேயே, பெரும்பகுதி ஒரே ஷாட்டில். முன்பதிவு ஆர்டர் வாங்கும் வசதியைத் தெரியாமல் திறந்து வைத்துவிட்டதால் மெஷினில் இருந்து ஆர்டர் சீட்டு நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், பார்க்கிறவருக்கே வியர்க்கும். பிரமாதமான எபிசோடுதான். ஆனால் அது காசில்லாமல் உட்கார்ந்த அறை இல்லை, திறமையைக் காட்டத் தேர்ந்தெடுத்த அறை. 'ஃப்ளை' போல வேறு வழியில்லாமல் இரண்டு பேர் பேச நேர்ந்த எபிசோடு, எட்டு எபிசோடு கணக்கில் எந்த இடத்தில் வரும்? முதல் வெட்டே அதற்குத்தான் விழும்.

கதை நகர்ந்ததா என்று மட்டும் பார்த்து மார்க் போடும் பழக்கம் இருக்கிறதே, அது இந்த வெட்டுக்கு அரிவாள் எடுத்துக் கொடுக்கிறது. கதை நகர்வதை எளிதாக அளக்கலாம். யார் செத்தார், யார் மாட்டினார், யார் ஓடினார் என்று மூன்று வரியில் எழுதிவிடலாம். ஓர் ஆள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டார் என்பதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இதற்கு எதிர்த் துருவத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒன்று நடந்தது. பிபிசியின் 'ஈஸ்ட் எண்டர்ஸ்' ஒரு முழுநீள சோப்பு நாடகம். வாரம் நான்கு நாள் வந்துகொண்டிருந்தது. சண்டை, கள்ளக்காதல், கல்யாணத்தில் கலாட்டா, கிறிஸ்துமஸ் அன்று கட்டாயம் ஒரு இடி. அதில் ஜிம் என்ற கிழவராக நடித்த ஜான் பார்டனுக்கு 2007இல் நிஜமாகவே பக்கவாதம் வந்தது. கதையிலும் ஜிம்முக்குப் பக்கவாதம் என்று எழுதினார்கள். 2008 ஜனவரி 31 அன்று வந்த அரை மணி நேர எபிசோடில் ஒரே ஒரு ஆள்தான். ஜிம்மின் மனைவி டாட். நடித்தவர் ஜூன் பிரவுன், அப்போது எண்பதைத் தாண்டியவர். எழுதியவர் டோனி ஜோர்டன்.

டாட் ஒரு டேப் ரெக்கார்டரை முன்னால் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும் கணவருக்காகப் பேசிப் பதிவு செய்கிறாள். அவரை வீட்டுக்கு அழைத்து வந்து பார்த்துக்கொள்ள அவளால் முடியுமா, முடியாதா? இதுதான் கேள்வி. சுற்றி வளைக்கிறாள். போர்க்காலத்தில் லண்டனில் இருந்து வேல்ஸுக்கு அனுப்பப்பட்ட சின்ன வயதுக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள். கடைசியில் தன்னால் தாங்க முடியாது என்பதை அந்த மெஷினிடம் சொல்கிறாள். நேரில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். பக்தியும் புலம்பலும் சிகரெட்டுமாகப் பல வருடம் கேலிக்குரிய பாத்திரமாகவே இருந்தவள், பதில் சொல்ல எதிரில் ஆள் இல்லாத அரை மணி நேரத்தில் வேறு ஆளாகத் தெரிகிறாள். வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்த்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முடியவில்லை என்று சொல்ல முடியாமல்தான் எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த எபிசோடுக்காக ஜூன் பிரவுன் 2009இல் பாஃப்டாவின் சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். சோப்பு நாடக நடிகைகளுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது அபூர்வம். விருது வேறொருவருக்குப் போனது. அவர் பல வருடம் அதே டாட்டாக நடித்தார், 2022இல் 95 வயதில் இறந்துபோனார். ஈஸ்ட் எண்டர்ஸ் அடுத்த எபிசோடிலேயே வழக்கமான சண்டைக்குத் திரும்பிவிட்டது.